இருபது ஹெர்ட்ஸில் ஒரு விலகல்

அக்டோபர் 14, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரையிலிருந்து வேன் கிளம்பியது. விருதுநகருக்குத் தெற்கே ஒரு நூற்பாலை. சனிக்கிழமை இடி விழுந்து அவர்களுடைய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆகிவிட்டது. திரும்ப ஓட விடலாமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். கூட வரவேண்டிய டெக்னீசியன் லீவு. நானும் டிரைவரும்தான் போனோம்.

இந்த மாதிரி வேலைக்கு எங்கள் சோதனைக் கம்பெனி முதலாளி நாகலிங்கம் சார் என்னைத்தான் அனுப்புவார். "ஜெசிந்தா மேடம் கையெழுத்துப் போட்டா கண்ண மூடிட்டு சார்ஜ் பண்ணலாம்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். இருபத்திரண்டு வருட வேலை. எனக்கு அதில் பெருமை இல்லை என்று எழுதினால் பொய்.

சோதனைக் கருவியின் கடிகாரப் பேட்டரி செத்து நாலு மாதம் ஆகிறது. எப்போது திறந்தாலும் ஜனவரி ஒன்று என்று காட்டும். ஒரு பொட்டு பேட்டரிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே நேரமெல்லாம் இந்த நோட்டில்தான்.

11.10 அதிர்வெண் சோதனை. 1.35 மின்தடைச் சோதனை. வரிசை சரி.

முடிவு: இருபது ஹெர்ட்ஸில் தொடங்கும் இடத்தில் கோடு, டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தபோது எடுத்துவைத்த பழைய கோட்டை விட்டு விலகியிருக்கிறது. மேல் அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன. டிரிப் ஆனபோது இரும்பில் தங்கிய மிச்சக் காந்தமாக இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் சோதனைக்கு மாதிரி எடுக்கவில்லை. ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, மழையில் எடுத்தால் ஈரம் கலந்துவிடும். மூன்று மணிக்கு மின்சாரம் கொடுத்து சார்ஜ் செய்தார்கள். மில் மேனேஜர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அக்டோபர் 15, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. சளி.

ராயப்பன் மருந்துக்கடையை மதியம் பூட்டிவிட்டு வந்து சமைத்தார். சாப்பிடும்போது என் மடிக்கணினியில் இருந்த கோடுகளைப் பார்த்து, "ஏன் இந்த ஓரத்துல மட்டும் வெலகிக் கெடக்கு?" என்று கேட்டார். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட மூன்றாவது கேள்வி இது. சொல்லாமல் விடுவேனா?

டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். குறைந்த அதிர்வெண்ணில் காந்தம் தகட்டின் உள்ளே முழுக்கப் போய் வரும், அதனால் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைச் சுருள் தடுக்கும் குணம், மிக அதிகம். அதிர்வெண் ஏற ஏற உள்ளே போக அதற்கு நேரம் போதாது. தகட்டின் தோலோடு நின்றுவிடும். இண்டக்டன்ஸ் இறங்கும். இன்னும் மேலே போனால் இரும்பே இல்லாத மாதிரி, சுருளின் உருவம் மட்டும்தான் கோட்டில் தெரியும். ஆக, கோட்டின் அடிப்பக்கம் இரும்பின் கதை, மேல்பக்கம் சுருளின் கதை.

மின்தடை அளக்க டி.சி. செலுத்தினால் இரும்பில் காந்தம் தங்கிவிடும், அடிப்பக்கம் இடம் மாறிப்போகும். அதனால்தான் அதிர்வெண் முதலில், மின்தடை கடைசியில். கருவிப் பெட்டியின் மூடியில் இதை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வருடம் ஒரு இன்ஜினியர் மாற்றிச் செய்தான். எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டேன். மறுவாரமே வேலையை விட்டுவிட்டான்.

"இரும்புல நெசமாவே கோளாறு இருந்தா?" என்றார் ராயப்பன்.

"அப்பவும் அதே எடத்துலதான் வெலகும். காந்தத்த எறக்கிட்டு மறுபடி அளந்து பாக்கணும். ஒரு மணி நேர வேல."

"அளந்தியா?"

"சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்கு" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மில்லிலிருந்து போன். வெயில்முத்து என்று சுவிட்ச்யார்டு ஆப்பரேட்டர். ஐம்பது வயது இருக்கும். அன்றைக்கு எனக்கு ஒயர் பிடித்து, ஏணி போட்டு, எல்லா உதவியும் செய்தவர். மின்னழுத்தத்தை விட மேனேஜருக்குத்தான் அதிகம் பயப்படுகிற ரகம்.

"மேடம், அன்னைக்கே சொன்னேன்ல, அதோட சத்தம் சரியில்லன்னு. இன்னும் அப்பிடியேதான் கேக்குது. மொதல்ல நல்லா 'ம்'முனு நிக்கும். இப்ப கரகரன்னு அடித்தொண்டையில இருந்து வருது."

"மிச்சக் காந்தம்ணே. ரெண்டு நாள்ல அடங்கிரும்."

"சரிங்க மேடம். நீங்க பாத்தாச் சரிதான்."

மிச்சக் காந்தம் என்றால் கரண்ட் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட வேண்டும். இது நான்காவது நாள். அவரிடம் ஏன் ரெண்டு நாள் என்று சொன்னேன் என்று தெரியவில்லை. நல்ல மனிதர். அதிர்வெண் கருவி நனையாமல் முக்கால் மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு முழுக்க நனைந்தது.

அக்டோபர் 19, சனி

வாஷிங் மெஷின் குழாய் கழன்று சமையலறை வரை தண்ணீர். நாள் முழுக்கத் துடைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசை நேரத்தில் போனை அமைதியில் போட்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் வெயில்முத்துவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். மறுபடி சத்தக் கதையாகத்தான் இருக்கும். நாளை கூப்பிடலாம்.

அக்டோபர் 21, திங்கள்

கூப்பிடவில்லை. சிலிண்டர் புக் செய்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பதினோரு மணிக்கு நாகலிங்கம் சார் என் மேஜைக்கே வந்தார். அவர் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. மில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. எண்ணெய் தீப்பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டருக்கு இரண்டு கையும் முகமும் வெந்துவிட்டன. மதுரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

பெயரை நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார்.

அக்டோபர் 24, வியாழன்

மில் நிர்வாகம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே எச்சரிக்கை மணி அடித்ததாம். டிரான்ஸ்ஃபார்மர் மேலிருக்கும் புக்கோல்ஸ் ரிலேயில் வாயு சேர்ந்தால் அந்த மணி அடிக்கும். ஆப்பரேட்டர் யாருக்கும் சொல்லாமல் வாயுவைத் திறந்துவிட்டு மணியை அணைத்துவிட்டாராம். ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் கைது இருக்கலாம் என்று பேச்சு.

நாகலிங்கம் சாருக்கு நிம்மதி. "நம்ம பக்கம் கிளீன் மேடம்" என்றார்.

யாருக்கும் சொல்லாமல் என்று எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 29, செவ்வாய்

விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான, அலட்டாத மனிதர். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இரும்பு அடுக்கின் ஒரு மூலையில் தகடுகள் உருகி ஒட்டிக் கிடக்கின்றன. புகைப்படத்தைக் காட்டினார்.

"இது ஒரே நாள்ல ஆன சேதம் இல்லம்மா. ஒங்க கோட்டுல அடிப்பக்க வெலகலுக்கு மிச்சக் காந்தம்னு எழுதிருக்கீங்க. மின்தடைச் சோதனைக்கு முன்னாடிதான அதிர்வெண் எடுத்தீங்க?"

"ஆமா சார்."

"காந்தம் எறக்கிட்டு மறுபடி ஏன் எடுக்கல?"

"வரிசை சரியா இருந்தா வழக்கமா தேவையில்ல சார். டிரிப்புல தங்குனதுன்னு முடிவு பண்ணேன்."

"கருவியில தேதி நேரம் இல்லையே?"

"பேட்டரி செத்துருச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

நவம்பர் 12-ஆம் தேதிக்குள் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொன்னார். அதோடு அறிக்கையை முடித்துவிடுவார். வரிசை சரி என்றால் என்னுடையது மதிப்பீட்டுப் பிழை, எவருக்கும் வரலாம். மிச்சக் குற்றம் முழுக்க மணியை அணைத்தவர் தலையில்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெருவில் வெடித்துக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலையெல்லாம் சாத்தினேன். ராயப்பன் திரைச்சீலையையும் இழுத்துவிட்டார்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். தூறலில் மூன்று முறை அணைந்தது.

இறந்தவர்களுக்காகப் பூசையில் வாசிக்கப் பெயர் எழுதிப் போடும் தாளை ராயப்பன் என்னிடம் நீட்டினார். அப்பா பெயரை எழுதினேன். அம்மா பெயரை எழுதினேன். அடுத்த வரியில் 'வெயி' வரை கை தானாகப் போய்விட்டது. உயிரோடு இருப்பவர் பெயரை அந்தத் தாளில் எழுதுவார்களா? கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேறு தாள் வாங்கினேன். ராயப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். கை வெந்தவருக்கு உரித்துச் சாப்பிடுகிற பழம். என் புத்தி அப்படி.

இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. முகத்தில் பாதி மருந்து. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். அவர் மனைவி முத்துக்கனி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மில்லுல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்க ஒரு ஆளுதான் வந்திருக்கீக" என்றார் அந்த அம்மா. ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரம் வைத்தேன்.

வெயில்முத்து மெதுவாகத்தான் பேசினார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அன்னைக்கு மணி அடிச்சதும் மேனேஜருக்குத்தான் மேடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏற்றுமதி லோடு ஓடுது, அந்தம்மா பாத்து நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்ருக்கு, நீ என்ன பெரிய இன்ஜினியரான்னு வஞ்சாரு. சரி, ஒங்ககிட்டயே கேட்டுருவோம்னு ரெண்டு தடவ போட்டேன். நீங்க எடுக்கல. கோயிலுக்குப் போயிருப்பீக, ஞாயித்துக்கெழமல்ல. சத்தம் அடங்கிரும்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் காத்த எறக்கிவிட்டுட்டு மணிய அமத்துனேன். எந்தப்புதான் மேடம்."

"கை சரியாயிருமாண்ணே?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு அதைக் கேட்டேன்.

"நாலு வெரல் எடுக்கணுங்காக."

கிளம்பும்போது முத்துக்கனி படி வரை கூட வந்தார். "இவுக சுத்தமா மனசு ஒடைஞ்சு போனாக. ராத்திரில முழிச்சுக்கிட்டு, எங்காது கெட்டுப்போச்சா, இல்லாத சத்தத்தக் கேட்டேனா, இருந்த சத்தத்த விட்டேனான்னு பெனாத்துறாக" என்றார்.

நான் பேருந்து நிறுத்தம் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தேன்.

நவம்பர் 6, புதன்

கருவிப் பெட்டி மூடியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். பசை வரவில்லை. பாதி எழுத்து இன்னும் இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

எங்கள் ஒர்க்‌ஷாப் முற்றத்தில் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் கிடக்கிறது. சிறியது, ஆனால் பழுதில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதில் செய்து பார்த்தேன். முதலில் அதிர்வெண். பிறகு டி.சி. பிறகு மறுபடி அதிர்வெண்.

மிச்சக் காந்தம் என்ன செய்கிறது? இண்டக்டன்ஸைக் கொஞ்சம் குறைக்கிறது. கோட்டில் வரும் முதல் பள்ளம் வலப்பக்கம் நகர்கிறது. ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, ஆழமாக, கூராக. காந்தத்தை இறக்கியதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஐம்பது நிமிடம்தான் ஆயிற்று.

மில் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் பள்ளம் நகர்ந்தது மட்டுமல்ல, தேய்ந்து தட்டையாகிக் கிடக்கிறது. அது காந்தம் இல்லை. இரும்பு கெட்டுப்போனதன் அடையாளம்.

இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று எழுத வந்தேன். அன்றைக்கே பார்த்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

ராயப்பன் கடைக்குப் போய், மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். வீட்டில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

அன்று காலை தூறலில், டிரான்ஸ்ஃபார்மர் மேல் கம்பி இறங்கும் பீங்கான் புஷ்ஷிங்குகள் ஈரமாக இருந்தன. ஈரத்தோடு அதிர்வெண் எடுத்தால் கோடு கெட்டுவிடும். காயும் வரை சும்மா நிற்பானேன் என்று மின்தடையை முதலில் முடித்தேன். பிறகு காந்தத்தை இறக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மழை. மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாட்சைப் பார்க்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார். வரிசையை மாற்றிவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். நான். அந்தப் பையனைக் கிழித்துத் தொங்கவிட்டவள். அதற்கு வாய் வரவில்லை. மழையும் மேனேஜரும் சாக்கு. கர்வம்தான் காரணம்.

சாயங்காலம் இந்த நோட்டை எடுத்து எழுதியபோது பக்கத்தில் யாருமே இல்லை. அப்போதும் மாற்றித்தான் எழுதினேன்.

ராயப்பன் ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். "அன்னைக்கு சாம்பார்ல உப்பு சரியாத்தான் இருந்துச்சு ஜெசிந்தா" என்றார்.

அவருக்கு அன்றைக்கே தெரியும். இருபத்து நாலு நாளாக நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரி.

விரல்களை எடுத்துவிட்டார்கள். முத்துக்கனி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். இரும்பு, காந்தம், இண்டக்டன்ஸ் எதையும் சொல்லவில்லை.

"அண்ணே, நான் அன்னைக்குச் சோதனைய மாத்திச் செஞ்சேன். அதுல கோளாறு தெரிஞ்சுச்சு. கோளாறு இல்லன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்க சத்தத்தச் சொன்னப்ப ஒங்ககிட்டயும் பொய் சொன்னேன். நீங்க போன் போட்டதப் பாத்துட்டுத்தான் கூப்பிடாம இருந்தேன்."

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. முத்துக்கனி எழுந்துவிட்டார்.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல? ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீகளே, அன்னைக்கு வாயில என்னத்த வச்சிருந்தீக? ஒங்கள நான் ஸ்டூலத் தொடச்சு ஒக்கார வச்சேனே!"

அந்த அம்மா கை ஓங்கினார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஓங்கிய கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார்.

வெயில்முத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க என்ன தகுதி இருக்கிறது?

கடைசியில் தலையை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப அந்தச் சத்தம் நெசந்தானா மேடம்?"

"நெசந்தாண்ணே."

"கரகரன்னு கேட்டுச்சே, அது?"

"இரும்பு வெந்துக்கிட்டு இருந்த சத்தம். நீங்க சரியாத்தான் கேட்டீங்க."

மருந்து பூசாத பாதி முகம் கோணிக்கொண்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பாத்தியா கனி" என்றார் மனைவியிடம். "இருபத்தாறு வருசம் அது பக்கத்துலயே நின்னவன். எங்காது கெட்டுப்போகல பாத்தியா."

கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. முத்துக்கனி துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "போயிருங்க" என்றார். வந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

நாகலிங்கம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், கம்பெனியில பதினேழு குடும்பம் இருக்கு. நோட்டுல சரியாத்தான எழுதிருக்கீங்க? அந்த ஒரு பக்கத்த மட்டும் குடுங்க. மத்தத யாரு கேக்கப்போறா?"

பதினேழு குடும்பம் என்பது உண்மை. அதில் என்னுடையதும் ஒன்று. நாளைக்கு அவர்களில் எத்தனை பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் தொடவில்லை. வெளியே வரும்போது, "கருவிக்குப் பேட்டரி வாங்கிப் போட்டுருங்க சார்" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பதினொன்றரைக்கு விசாரணை அதிகாரியைப் பார்க்க வேண்டும். ராயப்பன் கூட வருகிறார், கடையைப் பூட்டிவிட்டார். ஒரு பக்கத்தை இல்லை, முழு நோட்டையும் கொடுக்கப் போகிறேன். சிலிண்டரும் சாம்பாரும் சேர்ந்தே போகட்டும். என் மேல் வழக்கு வரும். வரட்டும்.

அக்டோபர் 14-ஆம் தேதிப் பக்கத்தில் நான் எதையும் அடிக்கவில்லை, திருத்தவில்லை. திருத்தத்தை இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

11.10 மின்தடைச் சோதனை. 1.35 அதிர்வெண் சோதனை, மழையில், ஆப்பரேட்டர் வெயில்முத்து குடை பிடித்திருக்க. காந்தம் இறக்கவில்லை. மறுபடி அளக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் சத்தம் மாறியிருப்பதாக அவர் அன்றைக்கே நேரில் சொன்னார், 17-ஆம் தேதி போனில் சொன்னார், 20-ஆம் தேதி மணி அடித்ததும் இரண்டு முறை கூப்பிட்டார்.

அவர் சொன்னது சரி.

ஜெசிந்தா